ஊர்வலத்துக்குப் போகலாம், வேனில் போகலாமா?

கேள்வி: கொரோனா மறுபடி தலைதூக்கியிருக்கிற இந்த நேரத்தில், எங்கள் துறையில் நடக்கும் ஆட்குறைப்பை எதிர்த்து ஒரு பெரிய ஊர்வலம் நடக்கப்போகிறது. போகாமல் இருக்க எனக்கு மனசு வரவில்லை. ஆனால் வீட்டில் மூச்சுக் கோளாறு உள்ள பாட்டி இருக்கிறார். “உன் கொள்கைக்குப் பாட்டியைப் பலி கொடுக்கப் போறியா?” என்று அம்மா கேட்கிறார். அலுவலக நண்பர்கள் வேன் ஏற்பாடு செய்திருக்கிறார்கள். மாஸ்க் போட்டுக்கொண்டு போய்வந்தால் போதாதா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: உங்கள் கடிதத்தில் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது ஊர்வலம் இல்லை, அந்த வேன்தான்.

கொரோனா பெரும்பாலும் மூச்சுக்காற்று வழியாகத்தான் தொற்றுகிறது. மூடிய அறையில் ஒருவர் சிகரெட் பிடித்தால் கொஞ்ச நேரத்தில் அறை முழுக்கப் புகை நிற்கும். வெளியில் பிடித்தால் பக்கத்தில் நிற்பவருக்கு மட்டும் வாடை வரும், அதையும் காற்று கொண்டுபோய்விடும். நோயாளி விடும் மூச்சும் அப்படித்தான். 2020 மார்ச் 10 அன்று அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு சேர்ந்திசைக் குழு உள்ளரங்கில் இரண்டரை மணி நேரம் பயிற்சி செய்தது. வந்தவர்கள் 61 பேர். அவர்களில் 53 பேர் நோயில் விழுந்தார்கள், இருவர் இறந்தே போனார்கள். அதே ஆண்டு மே மாதம் ஜார்ஜ் ஃபிளாய்ட் என்ற கறுப்பினத்தவர் போலீஸ் பிடியில் கொல்லப்பட்ட பிறகு அந்த நாட்டின் நகரங்களில் மக்கள் தெருவில் திரண்டார்கள். 300-க்கும் மேற்பட்ட நகரங்களின் கணக்கை எடுத்துப் பார்த்த ஆய்வாளர்களுக்கு, பயந்த மாதிரி அதனால் தொற்று எகிறியதாகத் தெரியவில்லை. அதற்காக ஊர்வலத்தில் தொற்றே வராது என்று முடிவுகட்டிவிடாதீர்கள். கூட்டத்தைப் பார்த்து மற்றவர்கள் வீட்டிலேயே இருந்துவிட்டதும் அந்தக் கணக்கில் சேர்ந்திருக்கிறது.

ஆக, திறந்தவெளியில் நடக்கிற நேரத்தை விட, அதற்கு முன்னும் பின்னும் உள்ள நேரம்தான் கவலைப்பட வேண்டியது. ஏசி போட்டு, கண்ணாடியை ஏற்றிவிட்டு, பாட்டுப் பாடிக்கொண்டே போகும் வேன். முந்தின நாள் பதாகை எழுத எல்லோரும் கூடும் சின்ன அறை. முடிந்ததும் மாஸ்க்கைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டு நெருக்கியடித்துச் சாப்பிட உட்காரும் உணவகம். நடந்தோ இருசக்கர வண்டியிலோ போக முடிந்தால் அப்படிப் போங்கள். வேனைத் தவிர்க்கவே முடியாதென்றால், எல்லா ஜன்னலும் திறந்திருக்க வேண்டும், யாரும் மாஸ்க்கைக் கழற்றக் கூடாது. “எனக்குத் தலை கலைந்துவிடும்” என்று யாராவது கண்ணாடியை ஏற்றுவார்கள். அவரிடம் கூச்சப்படாமல் சொல்லுங்கள்.

மாஸ்க் போட்டால் போதாதா என்கிறீர்கள். எப்படிப் போடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. மூக்குக் கண்ணாடி போடுபவர் என்றால் ஒரு சுலபமான சோதனை: மூச்சு விடும்போது கண்ணாடியில் ஆவி படர்கிறதா? படர்ந்தால் மூக்கருகே இடைவெளி இருக்கிறது. உள்ளேயிருக்கும் கம்பியை மூக்கின் மேல் அழுத்திவிடுங்கள். என்95 வகை கிடைத்தால் நல்லது, ஆனால் வால்வு வைத்தது வேண்டாம். அது நீங்கள் விடும் மூச்சை வடிகட்டாமல் அப்படியே வெளியே விட்டுவிடும். நனைந்த மாஸ்க்கில் மூச்சு விடுவதும் கஷ்டம், பலனும் குறைவு. போலீஸ் தண்ணீர் பீய்ச்சினாலோ மழை பெய்தாலோ மாற்றிக்கொள்ள, தண்ணீர் புகாத உறையில் இரண்டு எடுத்துப்போங்கள்.

நான் பார்த்தவரை, நாள் முழுக்க ஒழுங்காக மாஸ்க் போட்டிருப்பவர்கள் கோஷம் போடும்போது மட்டும் அதைத் தாடைக்கு இறக்கிவிடுகிறார்கள். வாயிலிருந்து துளிகள் அதிகமாகத் தெறிப்பதே அப்போதுதான்! கோஷத்தை ஒலிபெருக்கி வைத்திருக்கும் ஒருவரிடம் விட்டுவிட்டு மற்றவர்கள் கை தட்டலாம், பதாகை பிடிக்கலாம். அந்த ஒலிபெருக்கி ஆளுக்கு ஆள் வாய் மாறக் கூடாது.

இடைவெளியா, ஊர்வலத்திலா என்று சிரிக்காதீர்கள். 2020 ஏப்ரல் 19 அன்று இஸ்ரேலின் டெல் அவிவ் நகரில் உள்ள ராபின் சதுக்கத்தில் ஆயிரக்கணக்கானோர் ஆளுக்கு ஆள் சுமார் 2 மீட்டர் தள்ளி நின்று ஆர்ப்பாட்டம் செய்தார்கள். நிற்க வேண்டிய இடத்தைத் தரையில் முன்கூட்டியே குறித்திருந்தார்கள். (தள்ளித் தள்ளி நின்றால் கூட்டம் பெரிதாகவும் தெரியும், அமைப்பாளர்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், உடனே ஒப்புக்கொள்வார்கள்.) நகரும் ஊர்வலத்தில் இது கஷ்டம்தான். ஓரமாக, கடைசி வரிசைகளில் நடங்கள். தடுப்பு வேலி அருகே போகாதீர்கள். நெரிசலும் தள்ளுமுள்ளும் அங்கேதான்.

கண்ணீர்ப்புகை போட்டால் எல்லோரும் இருமுவார்கள், மாஸ்க்கைப் பிடுங்கி எறிவார்கள். சாதாரண மாஸ்க் அந்தப் புகையைத் தடுக்காது. காற்று வரும் திசையை நோக்கி வெளியேறி, வெறும் தண்ணீரால் கண்ணைக் கழுவுங்கள். பால், எலுமிச்சை எதுவும் வேண்டாம். அன்றைக்குக் காண்டாக்ட் லென்ஸ் போடாதீர்கள். கைது செய்து மூடிய வண்டியில் ஏற்றினால், பையை வாங்கிக்கொள்வார்கள். அதனால் ஒரு மாஸ்க் சட்டைப்பையில் இருக்கட்டும்.

இனி பாட்டி. நோய் வெளியே தெரிவதற்கு இரண்டு நாள் முன்பிருந்தே பரவத் தொடங்கிவிடும். ஆகவே ‘எனக்குத்தான் ஒன்றுமில்லையே’ என்பது பேச்சுக்குக்கூட உதவாது. மறுநாளே பரிசோதனை செய்தாலும் பயனில்லை. ஐந்து நாள் கழித்துச் செய்யுங்கள். அதுவரையாவது, முடிந்தால் பத்து நாள், ஒரு தோழியின் காலி அறையில் தங்க வழி இருக்கிறதா? அல்லது வீட்டிலேயே தனி அறை, தனிச் சாப்பாடு, திறந்த ஜன்னல், பாட்டியின் அறைப் பக்கமே போகாமல் இருப்பது? இரண்டில் ஒன்று முடியுமென்றால் போங்கள், அம்மாவிடம் இந்த ஏற்பாட்டை முன்கூட்டியே சொல்லிவிட்டு. முடியாதென்றால் இந்த முறை போகாதீர்கள். போனவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று கணக்கு வைக்கவும், யாராவது பிடிபட்டால் வழக்கறிஞரைக் கூப்பிடவும் வீட்டில் போனோடு ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும். அந்த வேலைக்கு எப்போதும் ஆள் பற்றாக்குறைதான்.

போய்வந்த பிறகு காய்ச்சலோ தொண்டை வலியோ வந்தால், உடன் வந்தவர்கள் அத்தனை பேருக்கும் அன்றே தகவல் சொல்லுங்கள். போராட்டத்துக்குக் கெட்ட பெயர் வந்துவிடும், வெளியே சொல்லாதே என்று உங்களைச் சிலர் அடக்கப் பார்ப்பார்கள். கேட்காதீர்கள். அவர்கள் வீட்டிலும் பாட்டிகள் இருக்கலாம்.