டகோட்டாவும் லயமும் – ஒரு கடிதம்

வணக்கம் ஐயா,

வட கனடாவின் யெல்லோநைஃபில் நீங்கள் கழித்த இரண்டு குளிர்காலங்களைப் பற்றிய கட்டுரையைப் பத்தாம் தரப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டினேன். விமானத்தின் ப்ரொப்பெல்லரைக் கையால் சுற்றும் இடம் வந்ததும் வகுப்பே அமைதியாகிவிட்டது. பிறகு ஒரு மாணவன் கேட்டான்: "கனடாவில் புது விமானம் வாங்கக் காசு இல்லையா? ஏன் ஐம்பது வருடப் பழைய விமானம்?" எனக்குப் பதில் தெரியவில்லை.

எனக்கும் ஒரு சங்கடம் உண்டு. பழைய இயந்திரத்தைப் பற்றி அத்தனை அன்போடு எழுதுகிறீர்கள். எங்கள் பிள்ளைகளுக்குப் பழையது என்றால் வெள்ளைக்காரன் காலத்தில் தேயிலைத் தோட்டத் தொழிலாளருக்குக் கட்டிய லயம் என்ற வரிசை வீடு, மழைக்கு ஒழுகும் தகரம். பழையதைக் கொண்டாடும் எழுத்தை நான் அவர்களிடம் எப்படிக் கொண்டுபோவது?

ஓர் ஆசிரியை,
பூண்டுலோயா

அன்புள்ள டீச்சருக்கு,

முதலில் உங்கள் மாணவனுக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். காசு இருந்தது. பாதைதான் இல்லை.

யெல்லோநைஃப், கிரேட் ஸ்லேவ் ஏரியின் வடகரையில் இருக்கிறது. வட அமெரிக்காவிலேயே மிக ஆழமான ஏரி அது, 614 மீட்டர். தெற்கிலிருந்து வரும் ஒரே நெடுஞ்சாலை மெக்கன்சி ஆற்றைக் கடக்க வேண்டும். நான் அங்கே இருந்த தொண்ணூறுகளில் அந்த ஆற்றுக்குப் பாலம் கிடையாது. கோடையில் லொறிகளைப் படகில் ஏற்றி அக்கரை சேர்ப்பார்கள். நடுக்குளிர்காலத்தில் ஆறு உறைந்ததும் பனிக்கட்டியின் மேலேயே லொறிகள் ஓடும். இரண்டுக்கும் நடுவில், ஆறு உறையத் தொடங்கும் வாரங்களிலும் வசந்தத்தில் பனி உடையும் வாரங்களிலும், படகும் போகாது, லொறியும் போகாது. அப்போது நகரத்துக்குப் பாலும் மரக்கறியும் வானத்திலிருந்துதான் வர வேண்டும். 2012 நவம்பரில்தான் பாலம் திறந்தார்கள்.

நான் உதவியாளாக வேலை செய்த விமானக் கொட்டகையின் டகோட்டா விமானங்கள் ஏரியின் தென்கரையிலுள்ள ஹே ரிவரிலிருந்து அந்தச் சாமான்களைச் சுமந்தன. டிசி-3 என்ற அந்த வகை முதன்முதலில் பறந்தது 1935 டிசம்பர் 17ஆம் திகதி. உலகப் போருக்காக அதன் இராணுவ வடிவத்தைப் பத்தாயிரத்துக்கும் மேல் கட்டினார்கள். போர் முடிந்ததும் அவை மலிந்துபோயின. 1947இல் எயார் சிலோன் இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குத் தன் சேவையைத் தொடங்கியதும் டகோட்டாவில்தான். அகன்ற இறக்கை என்பதால் மெதுவாக இறங்கும். கால்கள் உறுதியானவை. சரளைக்கல் ஓடுபாதை, உறைந்த ஏரி, எங்கே இறக்கினாலும் நிற்கும். பளபளப்பான ஜெட் விமானங்கள் பலவற்றுக்கு அங்கே கால் வைக்க இடம் கிடையாது.

அந்தக் காலை நேரங்களைப் பற்றி மட்டும் இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், கட்டுரையில் அவசரமாகக் கடந்துவிட்டேன். பூச்சியத்துக்குக் கீழே 40 பாகை. மூச்சு விட்டால் கண்ணிமையில் பனி ஒட்டும். விமானத்தின் இரண்டு என்ஜின்களுக்கும் தடித்த துணிப் போர்வை போர்த்தி, சூடாக்கியிலிருந்து பெரிய துணிக் குழாய் வழியாக வெப்பக் காற்றை உள்ளே ஊதுவோம். அந்தக் குளிரில் எண்ணெய் தார் போல இறுகிவிடும். அதனால் முதல் நாள் மாலை என்ஜினை நிறுத்துவதற்கு முன்பே எண்ணெயில் கொஞ்சம் பெற்றோலைக் கலந்து இளக்கிவைப்பார்கள். மறுநாள் என்ஜின் சூடேறியதும் பெற்றோல் ஆவியாகிப் போய்விடும். அதற்கும் முந்திய தலைமுறை விமானிகள் இரவில் எண்ணெயை வடித்தெடுத்து, குடிலுக்குள் அடுப்பருகே வைத்துக் காத்து, விடியலில் சுடவைத்து ஊற்றியிருக்கிறார்கள்.

பிறகுதான் கையால் சுற்றுவது. இந்த என்ஜினில் 14 சிலிண்டர்கள் ஏழு ஏழாக இரண்டு வரிசையில், பூவிதழ் போல வட்டமாக நிற்கும். இரவில் எண்ணெய் கசிந்து அடியிலுள்ள சிலிண்டர்களில் தேங்கிவிடும். காற்றை அமுக்கலாம், எண்ணெயை அமுக்க முடியாது. அப்படியே முடுக்கினால் உள்ளே இரும்புத் தண்டு வளைந்துவிடும். ஆகவே ப்ரொப்பெல்லரின் ஒவ்வோர் அலகாகப் பிடித்து இழுத்து, எண்ணி, எங்காவது இறுக்கம் தட்டுகிறதா என்று கையால் கேட்க வேண்டும். கேட்க வேண்டும் என்றுதான் எழுதத் தோன்றுகிறது. என் அப்பா தோட்டத்து ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், என்ஜின் டிரைவராக இருந்தவர். இரும்பின் மேல் உள்ளங்கையை வைத்து அவர் கண்மூடி நிற்பதைச் சிறு வயதில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

இதே வகை என்ஜின்தான் கட்டலினா கடல்விமானத்திலும் இருந்தது. 1942 ஏப்ரல் 4ஆம் திகதி கொக்கலையிலிருந்து புறப்பட்ட ஒரு கட்டலினா, இலங்கைக்குத் தெற்கே ஜப்பானியக் கடற்படையைக் கண்டு, சுட்டு வீழ்த்தப்படுவதற்கு முன் செய்தி அனுப்பியது. மறுநாள் கொழும்பின் மேல் குண்டுவீச்சு. அந்த விமானி லியனார்ட் பேர்ச்சல் கனேடியர். அவருடைய படைப்பிரிவு அதற்கு முன் இருந்தது ஸ்கொட்லாந்துக்கும் வடக்கே ஷெட்லாண்ட் தீவுகளில். வடகோடிக் குளிரிலிருந்து நம் தென்கரைத் தென்னைகளுக்கு வந்த அந்த இளைஞர்களைக் கொட்டகையில் நின்றபடி நான் அடிக்கடி நினைத்திருக்கிறேன்.

டிசம்பரில் அங்கே ஐந்து மணி நேரம்தான் வெளிச்சம். வெயில் மேலே ஏறுவதே இல்லை. காற்றழுத்தம் சீராக்கிய விமானம் இல்லை என்பதால் தாழப் பறப்போம். கீழே உறைந்த ஏரியின் வெடிப்புகள் நீலக் கோடுகளாகத் தெரியும். ஒருமுறை இனுவிக் வரை போனேன், ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல். அங்கே நிலம் அடியில் நிரந்தரமாக உறைந்திருப்பதால் வீடுகளைக் கம்பங்களின் மேல் கட்டியிருக்கிறார்கள். தண்ணீர்க் குழாய்களும் நிலத்துக்கு மேலேதான் ஓடுகின்றன. வீட்டின் சூடு நிலத்தை இளக்கிவிட்டால் வீடே சாய்ந்துவிடும்.

திரும்பும் வழியில் ஆற்றோரக் குடியிருப்பு ஒன்றில் இறங்கியபோது ஒரு கர்ப்பிணிப் பெண் ஏறினார். பிரசவத்துக்குச் சில வாரங்கள் முன்பே நகரத்துக்குப் போய்த் தங்கிவிடுவது அங்கே வழக்கம். கயிற்றால் கட்டிய பெட்டிகளுக்கு அடுத்த இருக்கையில், வயிற்றில் கை வைத்தபடி, என்ஜின் சத்தத்தில் தூங்கிவிட்டார். என் அத்தையைப் பிரசவத்துக்குத் தேயிலைக் கொழுந்து ஏற்றும் லொறியில் ஏற்றிப் போனார்கள். பிள்ளை பாதை வளைவிலேயே பிறந்துவிட்டது. அன்று லொறிக்குப் பின்னால் ஓடியவர்களில் நானும் ஒருவன், ஒன்பது வயது. அந்தப் பெண் தூங்கியதை நான் வழி முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போது உங்கள் சங்கடத்துக்கு வருகிறேன். அது சரியான சங்கடம்.

நான் அன்பு வைத்தது பழமையின் மேல் அல்ல. அந்த விமானத்துக்கு ஒரு பதிவேடு உண்டு. எந்தத் திருகை யார் எப்போது கழற்றினார், எந்தப் பாகம் எத்தனை மணி நேரம் பறந்தது, எல்லாம் அதில் இருக்கும். குறித்த மணி நேரம் முடிந்ததும், நன்றாக ஓடிக்கொண்டிருந்தாலும், என்ஜினைக் கழற்றிப் பிரித்து ஒவ்வொன்றாக அளப்பார்கள். பார்வைக்குப் புதிது போலிருந்த ஒரு பாகத்தைத் தலைமை மெக்கானிக் குப்பையில் போட்டதைப் பார்த்து நான் பதறினேன். "அதற்கு நேரம் முடிந்துவிட்டது" என்றார், அவ்வளவுதான். 1942இல் கட்டிய விமானத்தில் 1942இன் இரும்பு எவ்வளவு மிச்சம் என்பதே கேள்வி.

லயத்துக்கு யார் பதிவேடு வைத்தார்கள்? எங்கள் ஸ்டோரில் பெல்ஃபாஸ்டிலிருந்து வந்த சிரோக்கோ தேயிலை உலர்த்தி இருந்தது. அப்பா தினமும் அதைத் துடைத்து எண்ணெய் போடுவார். எண்ணெய் தீர்வதற்குள் புது டின் வந்துவிடும். இருநூறு யார் தூரத்தில் கீழே எங்கள் லயத்தில், ஓர் அறையும் இஸ்தோப்பு என்ற முன் திண்ணையும், தகரத்தை மாற்றக் கேட்டு அப்பா ஐந்து வருடம் அலைந்தார். அதே நிர்வாகம், அதே கணக்குப்புத்தகம். அந்த அநியாயத்தை என் பதினாறாவது வயதில் உணர்ந்தேன். டகோட்டாவின் பதிவேட்டைப் புரட்டிய நாளில்தான் அதைச் சொல்வதற்கு எனக்குச் சொற்கள் கிடைத்தன. உங்கள் பிள்ளைகளிடம் இதைத் தயங்காமல் சொல்லுங்கள். லயத்தைக் கொண்டாட ஒன்றுமில்லை. அங்கே வாழ்ந்தவர்களைக் கொண்டாடலாம், அது வேறு.

டகோட்டாவும் என்றென்றைக்கும் பறக்க வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். அதற்கு வேண்டிய விமானப் பெற்றோல் வடக்கில் விலை கூடிவிட்டது, கிடைப்பதும் அரிது. பழைய டகோட்டா உடலிலேயே அந்தப் பெற்றோல் வேண்டாத டர்பைன் என்ஜின் பொருத்திப் பனிப்பிரதேசங்களில் ஓட்டுகிறார்கள். நல்லதுதான். பால் போய்ச் சேர வேண்டும்.

அந்தப் பழைய என்ஜினில் ஒரு சிலிண்டருக்கு இரண்டாக 28 ஸ்பார்க் பிளக்குகள், விமானத்துக்கு மொத்தம் 56. குளிரில் கையுறையைக் கழற்றி அவற்றை மாற்றியிருக்கிறேன். நேரம் முடிந்து கழித்த ஒன்று என்னிடம் இருக்கிறது. அடுத்த மாதம் தலவாக்கலைக்கு வருகிறேன், அங்கிருந்து பூண்டுலோயாவுக்கு பஸ் இருக்கிறதே. கேள்வி கேட்ட மாணவன் அதைக் கையில் வாங்கிப் பார்க்கட்டும்.

அன்புடன்.