அம்மா பார்த்துவிட்ட பக்கம்

கேள்வி: எனக்கு வயது 26. வங்கியில் வேலை பார்க்கிறேன். ஜுன்ஜி இட்டோ வரைந்த 'உசுமாகி' என்ற மாங்காவை, அதாவது ஜப்பானியப் படக்கதையை, மூன்றாவது முறையாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். போன வாரம், மரத்தொட்டிக்குள் ஒரு மனிதர் கயிறுபோல் சுருண்டு செத்துக் கிடக்கும் பக்கத்தை அம்மா பார்த்துவிட்டார். அவர் ஓய்வு பெற்ற தமிழாசிரியை. "இதையெல்லாம் ரசிக்கிற மனசு உனக்கு எப்படி வந்தது? பெண் பார்க்க வருகிறவர்கள் அலமாரியைப் பார்த்தால் என்ன நினைப்பார்கள்?" என்று கேட்டவர், அதன்பிறகு சரியாகப் பேசுவதே இல்லை. படிக்கும்போது எனக்கும் குமட்டத்தான் செய்கிறது. ஆனால் படித்து முடித்ததும் மனசு லேசாகி நன்றாகத் தூங்குகிறேன். எனக்குள் ஏதாவது கோளாறா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: கோளாறு எதுவும் இல்லை. உங்கள் கடிதத்திலேயே அதற்கான பதில் இருக்கிறது. குமட்டுகிறது என்கிறீர்கள், அப்புறம் நன்றாகத் தூங்குகிறேன் என்கிறீர்கள். குமட்ட வேண்டிய இடத்தில் குமட்டுகிறது என்றால் மனசு சரியாகத்தான் வேலை செய்கிறது. அந்தப் பக்கத்தைப் பார்த்து ஒன்றுமே தோன்றவில்லை என்று எழுதியிருந்தால்தான் நான் கொஞ்சம் யோசித்திருப்பேன்.

நானும் 'உசுமாகி' படித்திருக்கிறேன். குரோசு என்ற சிற்றூரைச் சுருள் வடிவம் பீடிக்கிறது. பேயும் இல்லை, கொலைகாரனும் இல்லை. வெறும் ஒரு வடிவத்தை வைத்துக்கொண்டு இவ்வளவு பயமுறுத்த முடியுமா என்று அசந்துபோனேன். மருத்துவமனையில் கர்ப்பிணிகளும் கொசுக்களும் வரும் அத்தியாயத்தோடு புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். அப்போது என் தங்கை நிறைமாதமாக இருந்தாள். குழந்தை பிறந்து, இருவரும் நலமாக வீட்டுக்கு வந்த பிறகுதான் மறுபடி எடுத்தேன். வேண்டும்போது மூடி வைக்க முடிகிறதே, இந்த ரசனைக்கு அடிப்படையே அதுதான் என்று நினைக்கிறேன்.

திரைப்படத்தில் பயம் நம்மைக் கேட்காமல் வந்துவிடும். மாங்காவில் பக்கத்தைப் புரட்டுவது நம் விரல்தான். இட்டோ இதை நன்றாகத் தெரிந்தவர். வலமிருந்து இடமாகப் படித்துக்கொண்டே போகிறோம். பக்கத்தின் கடைசிக் கட்டத்தில் ஒரு முகம் எதையோ பார்த்து உறைந்து நிற்கிறது. அது எதைப் பார்த்தது என்பது அடுத்த பக்கத்தில், பெரும்பாலும் பக்கம் முழுக்க ஒரே படமாக இருக்கிறது. புரட்டலாமா வேண்டாமா என்று விரல் தயங்கும் அந்த ஒரு நொடிக்காகத்தான் நாம் திரும்பத் திரும்பப் போகிறோம். நாமாகப் போய்ப் பயத்தைப் பார்த்துவிட்டுப் பத்திரமாகத் திரும்பி வருகிறோம். பகலெல்லாம் வங்கியில் ஒரு தவறுகூட நேராமல் கணக்குப் பார்த்துவிட்டு வருகிறவருக்கு இரவில் மனசு லேசாவதில் ஆச்சரியம் என்ன?

அந்தத் தொட்டிப் படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். நூல் நூலாக எத்தனை ஆயிரம் பேனாக் கோடுகள்! இட்டோ முதலில் பல் தொழில்நுட்பராக வேலை பார்த்தவர். செயற்கைப் பற்களைச் செதுக்கிப் பழகிய அந்தப் பொறுமை இந்தக் கோடுகளிலும் தெரிவதாக எனக்குத் தோன்றும். 1987-இல் 'டோமியே' கதையோடு வெளிச்சத்துக்கு வந்தார். 'உசுமாகி' 1998-99-இல் வாரப் பத்திரிகைத் தொடராக வந்தது. நீங்கள் ரசிப்பது செத்த உடலை இல்லை, ஒரு கலைஞர் மை தொட்டு உழைத்த உழைப்பை. அந்த வித்தியாசம் உங்களுக்குத் தெரியும். அம்மா பார்த்தது ஒரே ஒரு பக்கம். அவருக்கு எப்படித் தெரியும்?

'உசுமாகி'யிலேயே ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். ஷுயிச்சி என்ற இளைஞனின் அப்பா சுருளின் மேல் பைத்தியமாகி அழிகிறார். அவன் அம்மாவோ அதற்குப் பயந்தே அழிகிறார். விரல் நுனியில் சுழி இருக்கிறது என்று தோலையே வெட்டி எறிகிறார். கதையைக் கடைசிவரை நமக்குச் சொல்வது கிரியே என்ற பெண். அவளுக்கும் பயம் உண்டு, ஆனாலும் கண்ணைத் திருப்பாமல் பார்த்து, பார்த்ததைச் சொல்கிறாள். உங்கள் வாசிப்பும் அவள் பார்வையைப் போன்றது என்றுதான் நினைக்கிறேன்.

சரி, அம்மாவிடம் வருவோம். தமிழாசிரியை என்கிறீர்கள். கலிங்கத்துப்பரணியில் பேய்கள் கூழ் அடும் பகுதி அவருக்குத் தெரியாமல் இருக்காது. போர்க்களத்தில் செத்த யானையின் தந்தத்தால் பல் விளக்கி, விலா எலும்பால் நாக்கு வழித்து, அதன்பிறகு பிணங்களைக் கொண்டு கூழ் காய்ச்சுகின்றன பேய்கள். சுமார் 900 ஆண்டுகளாக நம்மவர்கள் அதை முகம் சுளித்தபடியே ரசித்து வருகிறார்கள். தொல்காப்பியம் எட்டு மெய்ப்பாடுகளை, அதாவது உடலில் வெளிப்படும் உணர்வுகளை, சொல்லும்போது நகை, உவகையோடு இளிவரல் என்ற அருவருப்பையும் அச்சத்தையும் சேர்த்தே வைக்கிறது. இதை அவரை மடக்குவதற்கான வாதமாகச் சொல்லிவிடாதீர்கள். "இதை வகுப்பில் எப்படிம்மா நடத்தினீங்க?" என்று அவரையே கேளுங்கள். அவர் பேசட்டும், நீங்கள் கேளுங்கள். அதற்குப் பிறகும் அவருக்கு உங்கள் புத்தகம் பிடிக்காமல் போகலாம். போகட்டும், பிடிக்காமல் இருக்க அவருக்கு உரிமை உண்டு. பெண் பார்க்க வருகிறவர்களுக்காக அலமாரியை ஒளிக்க வேண்டியதில்லை. கூடவே வாழப்போகிறவருக்கு நீங்கள் என்ன படிக்கிறீர்கள் என்று முதலிலேயே தெரிவது நல்லதுதான். ஆனால் வீட்டுக்குச் சின்னப் பிள்ளைகள் வருவார்களானால், அவர்கள் கைக்கு எட்டாத மேல் தட்டில் வையுங்கள்.

ஒன்றை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள். குளிக்கும்போது, வண்டி ஓட்டும்போது என்று அந்தப் படங்கள் அழைக்காமலே வந்து நின்றால், தூக்கம் கெட்டால், சாப்பாடு இறங்காமல் போனால், சில மாதங்கள் விட்டுவிடுங்கள். அப்போதும் சரியாகவில்லை என்றாலோ, உங்களை நீங்களே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் வந்தாலோ, தயங்காமல் மனநல மருத்துவரைப் பாருங்கள். இப்போது நீங்கள் எழுதியிருப்பதில் அப்படி எதுவும் எனக்குத் தெரியவில்லை.

இட்டோ தன் வீட்டு இரண்டு பூனைகளைப் பற்றியும் ஒரு மாங்கா வரைந்திருக்கிறார். அதே கோடுகள், அதே இருட்டு முகங்கள், ஆனால் கதை என்னவோ பூனை தன்னிடம் வரவில்லையே என்று ஏங்கும் ஒரு மனிதரைப் பற்றியது. இந்த ஆளைப் பற்றி அம்மா தெரிந்துகொள்ள விரும்பினால், முதலில் அதை அவர் கையில் கொடுங்கள்.