பேத்தை தின்ற நாய், ஒதுங்கிய ஆமை: மீன் வாங்கலாமா?

கேள்வி: தேவனாம்பட்டினத்தில் கரைவலை இழுத்த இடத்தில் வீசிக் கிடந்த பேத்தை மீனை (உடம்பை உப்பிக்கொள்ளும் பஃபர் மீன்) எங்கள் தெரு நாய் தின்றது. ஒரு மணி நேரத்துக்குள் தள்ளாடி விழுந்து செத்துவிட்டது. அதே வாரம் பங்குனி ஆமைகளும் (ஆலிவ் ரிட்லி) செத்து ஒதுங்கின. கடல் மீனிலேயே விஷம் ஏறிவிட்டது என்கிறார்கள். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள். மீன் வாங்கலாமா? (வாசகி, கடலூர்)

பதில்: வாங்கலாம். ஆனால் நாயின் சாவையும் ஆமைகளின் சாவையும் ஒரே முடிச்சில் போடாதீர்கள்.

நீங்கள் சொல்லும் அடையாளங்கள் பேத்தை விஷத்தோடு பொருந்துகின்றன. டெட்ரோடோடாக்சின் என்ற அந்த விஷம் ஈரலிலும் சினையிலும்தான் அதிகம். குடலிலும் தோலிலும்கூட இருக்கும். நரம்புக்குள் சோடியம் நுழையும் வழியை அது அடைத்துவிடுவதால் தசைகளுக்குக் கட்டளை போய்ச் சேராது. மூச்சு இழுக்கும் தசையும் நின்றுபோனால் உயிர் போய்விடும். நாய்க்கும் மனிதனுக்கும் இதில் வித்தியாசம் இல்லை. 2009-ல் நியூசிலாந்தின் ஆக்லாந்து கடற்கரைகளில் நாய்கள் செத்தபோது, ஒதுங்கிக் கிடந்த ஓடில்லாத கடல் நத்தைகளில் இதே விஷம்தான் இருந்தது.

இந்த விஷத்தைப் பேத்தை தானாகச் செய்வதில்லை. ஒருவகை பாக்டீரியாக்கள் செய்வது, இரை வழியாக அதன் உடம்பில் சேர்கிறது. ஜப்பானில் விஷமில்லாத தீனி போட்டு வளர்த்த பேத்தையில் விஷம் இருப்பதில்லை. கடலில் பிடித்த பேத்தைக்கு அந்த உத்தரவாதம் கிடையாது. "சினையையும் ஈரலையும் எடுத்துவிட்டால் போதும்" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். குழம்பில் கொதித்தாலும் கருவாடாகக் காய்ந்தாலும் விஷம் போகாது. இதே வங்கக் கடலோரத்தில் இருக்கும் பங்களாதேஷில் 2008-ல் பேத்தை சாப்பிட்டு 141 பேர் பாதிக்கப்பட்டார்கள், 17 பேர் இறந்தார்கள்.

உதடும் நாக்கும் மரத்துப்போனால் காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். மாற்று மருந்து இல்லை. ஆனால் செயற்கை சுவாசம் கொடுத்து முதல் 24 மணி நேரத்தைத் தாண்டவைத்தால் பெரும்பாலும் பிழைத்துவிடுவார்கள். அதனால் வென்டிலேட்டர் உள்ள ஆஸ்பத்திரிக்கே நேராகப் போக வேண்டும்.

சரி, ஆமைகள்? மீன் வழியாக வரும் விஷம் கடல் உயிர்களைக் கொல்வது உண்மைதான். சில நுண்பாசிகள் பெருகும்போது நச்சை உண்டாக்கும். அவற்றைத் தின்னும் சிறுமீன் பல நேரம் சாகாமல் நச்சைச் சுமந்து திரியும். அதை விழுங்கும் பெரிய உயிர்தான் சாகும். 1987 கடைசியில் அமெரிக்காவின் கேப் காட் பகுதியில் கானாங்கத்தை வகை மீன்களைத் தின்ற 14 கூன்முதுகுத் திமிங்கிலங்கள் சில வாரங்களுக்குள் செத்தன. மீனின் ஈரலில் சாக்சிடாக்சின் என்ற பாசி நச்சு இருந்தது. 1998-ல் கலிபோர்னியாவில் நெத்திலி இன மீன் வழியாக டொமோயிக் அமிலம் என்ற பாசி நச்சு ஏறி நானூறுக்கும் மேற்பட்ட கடல் சிங்கங்கள் செத்தன. மூளை பாதிக்கப்பட்டு, தலையை ஆட்டிக்கொண்டு வலிப்பு வந்து சாவது அந்த விஷத்தின் குணம். 2004-ல் புளோரிடாவில் 107 டால்பின்கள் செத்தன. அவற்றின் வயிற்றில் இருந்த, நம் கவலை மீனுக்கு உறவான மீன்களில் பாசி நச்சு நிறைந்திருந்தது.

ஆனால் நம் கரையில் ஆமை சாவதற்கு முக்கியக் காரணம் வலை. ஜனவரி முதல் மார்ச் வரை முட்டையிடக் கரையை நோக்கி வரும் பங்குனி ஆமை, மூச்சு வாங்க மேலே வந்தாக வேண்டும். விசைப்படகின் இழுவலையில் மாட்டினால் தண்ணீருக்குள்ளேயே மூச்சு முட்டிப் போகும். கண் பிதுங்கி, கழுத்து வீங்கி ஒதுங்கும் ஆமை பெரும்பாலும் அப்படிப் போனதுதான். தமிழ்நாட்டில் கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் விசைப்படகு மீன் பிடிக்கக் கூடாது என்ற விதியை ஒழுங்காகக் கடைப்பிடித்தாலே பல ஆமைகள் பிழைக்கும். பழியை விஷத்தின் மேல் போட்டுவிட்டால் இந்த விதியைப் பற்றிப் பேச ஆளிருக்காது, எனக்கு அதுதான் கவலை. ஒரே சமயத்தில் மீன், பறவை, டால்பின் எல்லாம் சேர்ந்து செத்தாலோ, உயிரோடு இருப்பவை நடுங்கித் தடுமாறினாலோ அப்போது நச்சைச் சந்தேகிக்கலாம்.

கடல் நிறம் மாறினால் மட்டும் கூடுதல் கவனம் தேவை. 2023 அக்டோபரில் புதுச்சேரியில் கடல் சிவந்ததைப் பார்த்திருப்பீர்கள். எல்லா நிறமாற்றமும் விஷமல்ல. இரவில் நீல ஒளி விடும் நாக்டிலூகா என்ற நுண்ணுயிர் பெருகினால் தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்தும் அம்மோனியா கூடியும்தான் மீன் சாகும். ஆனாலும் அந்த நாட்களில் மட்டியும் சிப்பியும் வேண்டாம். அவை தண்ணீரை வடிகட்டித் தின்பதால் நச்சு அவற்றில்தான் சேரும். 1981-ல் தமிழ்நாட்டில் மட்டி சாப்பிட்ட 98 பேர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள், 3 பேர் இறந்தார்கள்.

உங்கள் சமையலறையில் நான் பயப்படுவது இவை எதற்கும் இல்லை, ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்த சூரைக்கும் கானாங்கத்தைக்கும்தான். கவலை மீனும் அந்தக் கூட்டத்தில் சேரும். சூடு ஏறினால் இந்த மீன்களின் சதையில் பாக்டீரியா ஹிஸ்டமினை உண்டாக்கிவிடும். பார்வைக்கும் வாசனைக்கும் மீன் நன்றாகவே இருக்கலாம், வறுத்தாலும் அது போகாது. சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் முகம் சிவந்து, தலை வலித்து, உடம்பு அரிக்கும். பலர் இதை மீன் அலர்ஜி என்று நினைத்து மீனையே விட்டுவிடுகிறார்கள். டாக்டரிடம் போனால் அலர்ஜிக்குக் கொடுக்கும் மாத்திரையிலேயே பெரும்பாலும் அடங்கிவிடும். மூச்சுத் திணறினால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். துறைமுகத்தில் வாங்கினாலும் கூடைக்கார அம்மாவிடம் வாங்கினாலும் மீன் ஐஸில் இருந்ததா என்று கேட்டு வாங்குங்கள். வீட்டுக்கு வந்ததும் குடலை எடுத்துக் கழுவி ஃபிரிட்ஜில் வையுங்கள். நெத்திலிக்கும் தலையைக் கிள்ளும்போதே குடலை உருவிவிடுங்கள்.

அப்புறம், கரைவலைக்காரர்களிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். வலையில் வரும் பேத்தை உயிரோடு இருந்தால் கடலில் விட்டுவிடலாம். செத்திருந்தால் நாய் தோண்ட முடியாத ஆழத்தில் புதைக்கச் சொல்லுங்கள். செத்த ஆமையைத் தொடாமல் வனத்துறைக்குத் தகவல் கொடுங்கள், உடற்கூறாய்வு செய்துதான் காரணத்தை உறுதியாகச் சொல்ல முடியும்.