தாவர உணவுகளை முழுமையாக, அதிகமாகச் சாப்பிடத் தொடங்கியவர்கள் இங்கே இருக்கிறீர்களா? உடம்பில் என்ன வித்தியாசம் தெரிந்தது?

நான் பிறந்ததிலிருந்தே சைவம். அதனால் இரண்டு வருடங்களுக்கு முன் இந்தக் கேள்வியைப் பார்த்திருந்தால், இது அசைவக்காரர்களுக்கான கேள்வி என்று கடந்து போயிருப்பேன்.

அப்போது எனக்கு 47 வயது. இரத்தப் பரிசோதனையில் எச்பிஏ1சி, அதாவது மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி, 6.2 என்று வந்தது. 5.7 முதல் 6.4 வரை இருந்தால் சர்க்கரை நோய் வாசலில் நிற்கிறது என்று பொருள். மருத்துவர் காய்கறி நிறைய சாப்பிடச் சொன்னார். எனக்குச் சுருக்கென்று வந்தது. "நாங்கள் சைவம் டாக்டர், காய்கறியைத் தவிர வேறு எதைச் சாப்பிடுகிறோம்?" என்றேன். அவர் சிரிக்கக்கூட இல்லை. "நேற்று என்ன சாப்பிட்டீர்கள், காலையிலிருந்து சொல்லுங்கள்" என்றார்.

காலையில் ஐந்து இட்லி. பதினொரு மணிக்குக் காபி, இரண்டு பிஸ்கட். மத்தியானம் சாம்பார் சாதம், ரசம் சாதம், மோர் சாதம், தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்கு வறுவல், அப்பளம். சாயங்காலம் மறுபடி காபி, வாழைக்காய் பஜ்ஜி. இரவு தோசை. சொல்லச் சொல்ல என் குரல் இறங்கிக்கொண்டே போனது.

அடுத்த நாள் வீம்புக்கு ஒரு காரியம் செய்தேன். தீபாவளிப் பலகாரத்துக்காக வாங்கிய சின்னத் தராசில் என் தட்டுக்கு வந்த பீன்ஸ் பொரியலை நிறுத்துப் பார்த்தேன். தேங்காய்த் துருவலோடு சேர்த்து 55 கிராம். பின்னே? கால் கிலோ பீன்ஸ் வாங்கி நான்கு பேருக்குப் பரிமாறினால் அவ்வளவுதான் வரும். சாம்பாரில் இரண்டு முருங்கைக்காய்த் துண்டு. ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டியில், 2,000 கலோரி தேவைப்படும் ஒருவருக்கு ஒரு நாளைக்குக் காய்கறியும் கீரையுமாக 400 கிராம், பழம் 100 கிராம், பருப்பு வகை 85 கிராம் என்று இருக்கிறது. எல்லாம் சமைப்பதற்கு முந்தைய எடை. நான் அதில் கால்வாசியைக்கூடத் தொடவில்லை. அசைவம் சாப்பிடாமல் இருந்தேனே தவிர, காய் சாப்பிட்டேன் என்று சொல்ல முடியாது.

முதலில் எல்லோரையும் போல நானும் சிறுதானியத்தில்தான் விழுந்தேன். கடையில் வெள்ளை வெளேரென்று தீட்டிய வரகை வாங்கி, நெய் மிதக்கும் பொங்கல் செய்து, "இது சிறுதானியம்தானே" என்று இரண்டு மடங்கு சாப்பிட்டேன். காலையில் நாட்டுச் சர்க்கரை போட்ட கேழ்வரகுக் கஞ்சி. நைசாக அரைத்து நீர்க்கக் காய்ச்சினால் கேழ்வரகும் சட்டென்று இரத்தத்தில் சர்க்கரையாக ஏறிவிடும் என்பது வீட்டுக் கருவியில் சோதித்துப் பார்த்த பிறகுதான் புரிந்தது. பழச்சாறும் அப்படித்தான். கொய்யாவைக் கடித்துத் தின்பதும் பிழிந்து குடிப்பதும் ஒன்றல்ல.

பிறகு வேடிக்கைகளை விட்டுவிட்டு ஒன்றே ஒன்றை மாற்றினேன். கால் கிலோ வாங்கிய இடத்தில் முக்கால் கிலோ. அவரை, கொத்தவரை, புடலை, வாழைத்தண்டு, எது மலிவோ அது. தட்டில் முதலில் பொரியலையும் கூட்டையும் பாதி இடத்துக்குப் பரப்பிவிட்டு, மீதியில்தான் சாதம். எங்கள் கும்பகோணத்துத் தெருவுக்குக் கீரை கொண்டுவரும் அம்மா நான் நான்கு கட்டு கேட்டதும், "வீட்டில் ஏதும் விசேஷமா அம்மா?" என்றார். என் மாமியார் தட்டைப் பார்த்துவிட்டு, "இது சோற்றுக்குக் காயா, காய்க்குச் சோறா?" என்று கேட்டார். இரண்டாவதுதான் அத்தை என்றேன்.

பஜ்ஜி இருந்த இடத்துக்குச் சுண்டல் வந்தது. கொண்டைக்கடலை, தட்டைப்பயறு, மொச்சை, கொள்ளு என்று முறை வைத்துச் செய்கிறேன். இங்கே ஓர் எச்சரிக்கை: முதல் இரண்டு வாரம் வயிறு உப்பிக்கொண்டு பாடாய்ப் படுத்தியது. ஒரே நாளில் அளவை ஏற்றியது என் தப்பு. இரவெல்லாம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, குழைய வேகவைத்து, முதலில் ஒரு கைப்பிடி என்று தொடங்கியிருக்க வேண்டும்.

அரிசியையும் தீட்டாததாக மாற்றினோம். ஐந்தாறு மணி நேரம் ஊறவைத்து, ஒன்றுக்கு மூன்று பங்கு தண்ணீர் விட்டால்தான் மெல்ல முடிகிறது. மூட்டையாக வாங்கி வைக்காதீர்கள். தவிட்டில் எண்ணெய்ப் பசை இருப்பதால் சீக்கிரம் காறல் வாடை வந்துவிடும். என் கணவர் ரசத்துக்கு மட்டும் வெள்ளைச் சாதம்தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருக்கிறார். விட்டுவிட்டேன்.

வித்தியாசம் என்ன என்றுதானே கேட்டீர்கள்? வருடக்கணக்காக இருந்த மலச்சிக்கல் ஒரு மாதத்தில் போனது. இதை யாரும் எழுத மாட்டார்கள், எனக்கு இதுதான் பெரிய விடுதலை. நாலு மணிக்கு வரும் அகோரப் பசி அடங்கியது. ஆறு மாதத்தில் எச்பிஏ1சி 5.8. எடை நான்கு கிலோ குறைந்தது. ஆனால் அதே சமயம் தினமும் நாற்பது நிமிடம் நடக்கவும் தொடங்கியிருந்தேன், எனவே பெருமை முழுவதையும் கீரைக்குக் கொடுக்க முடியாது. முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது.

வைட்டமின் பி12 தாவர உணவில் கிடைக்காது. பாலும் தயிரும் சேர்த்துக்கொண்டும் எனக்குக் குறைவாகத்தான் இருந்தது, மாத்திரை எடுத்துக்கொள்கிறேன். சாப்பிட்ட கையோடு காபி குடித்தால் கீரையிலும் பயறிலும் உள்ள இரும்புச் சத்து உடம்பில் சரியாகச் சேராது, அதற்குப் பதில் எலுமிச்சை பிழிந்துகொள்ளுங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள், இன்சுலின் போடுகிறவர்கள் என்னைப் பார்த்துத் தட்டை மாற்றாமல் மருத்துவரைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

செலவு பெரிதாகக் கூடவில்லை. காய்க்கு அதிகம் போனது, பிஸ்கட், சிப்ஸ், அப்பளக் கணக்கில் திரும்பிவிட்டது. உண்மையான கஷ்டம் நறுக்குவதுதான். முக்கால் கிலோ கொத்தவரங்காயைத் தினமும் ஒருத்தியே உட்கார்ந்து ஆய முடியாது. இப்போது இரவுச் செய்தி பார்த்துக்கொண்டே கணவர் கீரை ஆய்கிறார், கல்லூரிக்குப் போகும் மகன் அவரைக்காய்க்கு நார் உரிக்கிறான். வாழைப்பூவுக்குக் கள்ளன் எடுக்க மட்டும் இருவருமே வருவதில்லை. கை கறுத்துவிடுமாம்.