நம் தெருவை நாமும் வரையலாமா? – கேள்வி பதில்

தெரு வடிவமைப்பில் மக்கள் கருத்தைச் சேர்க்க உதவும் இணையக் கருவிகளைப் பற்றி வந்த கேள்விகளும், நகர வடிவமைப்பாளரின் பதில்களும்.

"நடைபாதையை அகலப்படுத்தலாமா? ஆம் / இல்லை" என்று கூகுள் ஃபார்ம் அனுப்பினோம். முக்கால்வாசிப் பேர் ஆம் என்றார்கள். இதை அப்படியே மாநகராட்சியில் கொடுத்துவிடலாமா மேடம்?
– நலச்சங்கச் செயலாளர், திருச்சி

கொடுக்கலாம், வாங்கியும் வைத்துக்கொள்வார்கள். அதை வைத்துக்கொண்டு பொறியாளர் ஒரு கோடுகூடப் போட முடியாது. அகலமான நடைபாதை வேண்டாம் என்று யார் சொல்லப் போகிறார்கள்? அதற்கான இடத்தை எதிலிருந்து எடுப்பது என்பதுதானே சண்டையே. அதை நீங்கள் கேட்கவில்லை.

ஸ்ட்ரீட்மிக்ஸ் என்றொரு இணையக் கருவி 2013-இல் அமெரிக்காவில் உருவானது. தெருவின் குறுக்குவெட்டை, அதாவது ஒரு பக்கச் சுவரிலிருந்து மறுபக்கச் சுவர் வரை எதற்கு எவ்வளவு இடம் என்பதை, பிரவுசரிலேயே இழுத்து, நகர்த்தி வரையலாம். உங்கள் தெரு சுவருக்குச் சுவர் 12 மீட்டர் என்று வையுங்கள். குடியிருப்புப் பகுதியில் தடையில்லாமல் நடக்க மட்டும் குறைந்தது 1.8 மீட்டர் விட வேண்டும் என்கிறது இந்திய சாலை காங்கிரஸின் (ஐ.ஆர்.சி.) 103-ஆம் எண் நடைபாதை வழிகாட்டி. இரு பக்கமும் சேர்த்து 3.6. வண்டிகள் போக வர 6. மிச்சம் 2.4 மீட்டர். அதில் கார் நிறுத்தலாம். இல்லையென்றால் மரமும் தள்ளுவண்டியும் வரலாம். இரண்டுக்கும் சேர்த்து இடம் கிடையாது. (டிரான்ஸ்பார்மரை இன்னும் கணக்கிலேயே எடுக்கவில்லை!)

இப்படி மூன்று படம் வரைந்து "இதில் எது?" என்று கேளுங்கள். அந்தப் பதிலுக்கு மதிப்பு உண்டு. வரைவதற்கு முன் டேப் பிடித்து அளந்துவிடுங்கள். செயற்கைக்கோள் படத்தில் மரக்கிளையும் சன்ஷேடும் தெருவின் ஓரத்தை மறைத்துவிடும்.

ஸ்மார்ட்போன் இல்லாதவர்கள்? எங்கள் தெருவில் பூ விற்கிற அம்மாவிடம் லிங்க் அனுப்ப முடியாதே அக்கா.
– கட்டடக்கலை மாணவி, மதுரை

நல்ல கேள்வி. பாஸ்டன் நகரம் 2012 வாக்கில் ஸ்ட்ரீட் பம்ப் என்று ஒரு ஆப் விட்டது. போன் காரில் இருந்தால் போதும், குலுங்குவதை வைத்துப் பள்ளத்தைத் தானே குறித்துக்கொள்ளும். அருமையான யோசனைதான். ஆனால் காரும் விலை உயர்ந்த போனும் யாரிடம் அதிகமோ, அவர்கள் ஓட்டும் சாலையின் பள்ளம்தான் அதிகம் பதிவாகும். ஏழைகள் வாழும் பகுதி பள்ளமே இல்லாதது போல வரைபடத்தில் தெரியும். அதைச் சரிக்கட்ட, எல்லாத் தெருவுக்கும் போய்வரும் நகராட்சி ஊழியர்களிடமே ஆப்பை முதலில் கொடுத்தார்கள்.

நீங்களும் அதையே செய்யுங்கள். போன் உங்கள் கையில் இருக்கட்டும், பேச்சு பூக்கார அம்மாவுடையதாக இருக்கட்டும். அவருக்கு வியாபாரம் இல்லாத நேரமாகப் பார்த்துப் போங்கள். இன்னொன்று: 2014-ஆம் ஆண்டு தெரு வியாபாரிகள் சட்டப்படி, தெரு வியாபாரத்துக்கென அமைக்கும் நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் வியாபாரிகளின் பிரதிநிதிகள் இருக்க வேண்டும். அவர்களைக் கேட்காமல் வரைந்த படம் பின்னால் வழக்கில் போய் நிற்கும்.

மைன்கிராஃப்ட் விளையாட்டில் தெரு வடிவமைக்கிறார்களாமே, நிஜமா?
– பத்தாம் வகுப்பு மாணவனின் அப்பா

நிஜம்தான். ஐ.நா.வின் குடியிருப்பு அமைப்பான யு.என். ஹாபிடாட்டும் மைன்கிராஃப்டை உருவாக்கிய மோஜாங்கும் 2012-இல் 'பிளாக் பை பிளாக்' என்று தொடங்கினார்கள். கென்யாவின் நைரோபியிலுள்ள கிபேரா குடிசைப் பகுதி ஆரம்பகால இடங்களில் ஒன்று. வரைபடம் படிக்கத் தெரியாதவர்களும் பொதுவிடத்தைக் கட்டிக் காட்ட முடிந்தது. பையன் விளையாடட்டும், படிப்பையும் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

நான் ஆப்பில் போட்ட புகாரை, வேலை நடக்காமலே "தீர்க்கப்பட்டது" என்று மூடிவிட்டார்கள். இந்த லட்சணத்தில் கருத்துக் கேட்பு எதற்கு?
– ஓய்வுபெற்ற அரசு ஊழியர், சேலம்

உங்கள் கோபம் நியாயமானது ஐயா. புகாரை மூடும் உரிமை புகார் வாங்கியவரிடமே இருந்தால் இப்படித்தான் நடக்கும். பிரிட்டனில் 2007-இல் வந்த ஃபிக்ஸ்மைஸ்ட்ரீட் தளத்தில் எல்லாப் புகாரும் வரைபடத்தில் ஊரறியக் கிடக்கும். நான்கு வாரம் கழித்து, புகார் கொடுத்தவருக்கே "சரியாகிவிட்டதா?" என்று மின்னஞ்சல் போகும். நம் ஊர் ஆப்களில் முதலில் வர வேண்டியது இந்த இரண்டும்தான். கருத்துக் கேட்பிலும் அதே பிரச்சினை இருக்கிறது: எந்த யோசனையை ஏற்றார்கள், எதை ஏன் தள்ளினார்கள் என்று பட்டியல் போடாவிட்டால் அடுத்த முறை யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள்.

"வண்டி நிறுத்த இடம் போனால் வியாபாரம் போச்சு" என்கிறார்கள் கடைக்காரர்கள். எப்படிச் சமாளிப்பது?
– வார்டு கவுன்சிலர்

வாதத்தில் ஜெயிக்கப் பார்க்காதீர்கள், சோதனை பாருங்கள். நியூயார்க் 2009-இல் டைம்ஸ் சதுக்கத்தில் வண்டிகளைத் தடுத்து, மடக்கு நாற்காலிகளைத்தான் முதலில் போட்டது. சுற்றியுள்ள நெரிசலை டாக்சிகளின் ஜி.பி.எஸ். தரவைக் கொண்டு அளந்தார்கள். அடுத்த ஆண்டுதான் நிரந்தரமாக்கினார்கள். சென்னை பாண்டி பஜாரிலும் 2019 நவம்பரில் நடைபாதை வளாகம் திறப்பதற்கு முன்பே போக்குவரத்தைத் தடுத்துச் சோதனை பார்த்தார்கள். நீங்கள் செய்ய வேண்டியது ஒன்று: சோதனைக்கு முந்தைய வாரமே, கடைக்கு வருபவர்களில் எத்தனை பேர் நடந்து வருகிறார்கள், எத்தனை பேர் காரில் வருகிறார்கள் என்று எண்ணிவிடுங்கள். கடைக்காரர்களையே எண்ணச் சொன்னால் இன்னும் நல்லது. அவர்கள் எண்ணியதை அவர்களே மறுக்க மாட்டார்கள்.

வாட்ஸ்அப் குழுவில் வாக்கெடுப்பு வைத்தே ஒருவழிப்பாதை முடிவெடுக்கலாமா?
– கோவை வாசகர்

கூடாது. தெருவில் வாடகைக்கு இருப்பவர்கள் அந்தக் குழுவில் இருக்கிறார்களா என்று பாருங்கள். பெரும்பாலும் இருக்க மாட்டார்கள். 2022-இல் வந்த விதிகளின்படி தமிழ்நாட்டு நகரங்களில் வார்டு குழுவும், வார்டின் ஒவ்வொரு பகுதி மக்களும் கூடிப் பேசும் பகுதி சபையும் உண்டு. வாட்ஸ்அப்பில் வந்ததை அச்செடுத்துப் பகுதி சபையில் வைத்து, பேசியதைக் கூட்டக் குறிப்பில் ஏற்றச் சொல்லுங்கள்.