8 நாள்ல பாதி போச்சுன்னா 16 நாள்ல மொத்தமும் போயிடாதா?

கேள்வி: என் பொண்ணு பிளஸ் டூ படிக்கிறா. அயோடின்-131க்கு அரை ஆயுட்காலம் 8 நாள், அதனால 16 நாள்ல எல்லாம் தீர்ந்துடும்னு டெஸ்ட்ல எழுதி மார்க் போயிடுச்சு. என் மாமியாருக்கு தைராய்டுக்கு இதே அயோடின்தான் குடுத்திருக்காங்க. கிட்ட போனா நமக்கும் கதிரியக்கம் ஒட்டிக்குமான்னு வீட்ல எல்லாருக்கும் பயம். எப்படி புரிய வைக்கிறது?

பதில்: உங்க பொண்ணு பண்ணது வருஷா வருஷம் என் கிளாஸ்ல நான் பாக்குற தப்புதாங்க, திட்டாதீங்க. நாம அரிசி மூட்டை கணக்குல யோசிக்கிறோம், 8 நாள்ல பாதி மூட்டை காலின்னா அடுத்த 8 நாள்ல மிச்சமும் காலி. ஆனா அரிசிய நாம தினமும் அளந்து எடுக்குறோம், அணுவ யாரும் அளந்து எடுக்கறதில்ல, ஒவ்வொண்ணும் பக்கத்து அணுவுக்கு என்ன ஆச்சுன்னு தெரியாம தன்பாட்டுக்கு சிதையுது.

வீட்ல புளியங்கொட்டை இருக்கும்ல, தாயத்துக்கு தேய்ப்போமே அந்த மாதிரி ஒரு பக்கம் மட்டும் தரையில தேச்சு வெள்ளையாக்கி 64 கொட்டை எடுத்துக்கோங்க. குலுக்கி போடுங்க, வெள்ளையா விழுந்ததெல்லாம் சிதைஞ்ச அணு, தூக்கி ஓரமா வச்சிட்டு மிச்சத்த மறுபடி போடுங்க. ஒரு வீச்சு 8 நாள். போன வாரம் நான் போட்டப்ப 64ல மிச்சம் 35, அப்புறம் 16, 9, 4, 3, 1னு வந்துச்சு. ரெண்டாவது வீச்சுக்கு அப்புறமும் கால்வாசி கிடந்துச்சு பாருங்க, அதான் அந்த 16 நாள். இதுல பொண்ண ஒண்ணு கவனிக்க சொல்லுங்க, மூணு வீச்சு தப்பிச்ச கொட்டைக்கும் அடுத்த வீச்சுல வெள்ளையா விழ அதே பாதி வாய்ப்புதான், அணுவுக்கு வயசாகறதே கிடையாது. சூடு பண்ணாலும் வேற எதோட சேத்தாலும் இந்த 8 நாள் மாறாது, ஏன்னா விஷயம் நடக்கறது நடுவுல இருக்க அணுக்கருவுல.

அங்க என்ன நடக்குதுன்னா, உப்புல இருக்க சாதா அயோடின்-127ல 53 புரோட்டான் 74 நியூட்ரான், இது நிலையா இருக்கும். 131லயும் புரோட்டான் அதே 53தான், நியூட்ரான் மட்டும் 78, நாலு கூட. அதனால ஒரு நியூட்ரான் புரோட்டானா மாறி ஒரு எலக்ட்ரான வெளிய தள்ளுது, அதான் பீட்டா. சுத்திட்டு இருக்க எலக்ட்ரான்தான் வெளிய வருதுன்னு நிறைய பசங்க எழுதுவாங்க, இல்லவே இல்ல, அது கருவுக்குள்ள அப்பதான் பொறக்குது. இப்ப புரோட்டான் 54, அப்ப அது அயோடினே இல்ல, செனான்! நிறை எண், அதாவது புரோட்டானும் நியூட்ரானும் சேத்த கூட்டு, 131 அப்படியே இருக்கும். கூடவே மிச்ச சக்தி காமாங்கற கதிரா வெளிய வருது.

மாமியார் விஷயத்துக்கு வரேன். தைராய்டு சுரப்பி அயோடின தேடி இழுத்துக்கும், அதனாலதான் இந்த மருந்து. பீட்டா திசுவுல ஒண்ணு ரெண்டு மில்லிமீட்டர் தூரத்துலயே நின்னுடும், அந்த சுரப்பிய தாண்டி பெருசா எங்கயும் போகாது. காமா உடம்ப தாண்டி வெளிய வரும், தூரமா இருங்கன்னு சொல்றதுக்கு அது ஒரு காரணம். ஆனா அந்த காமா மேல பட்டா நீங்க கதிரியக்கமா மாறிட மாட்டீங்க, டார்ச் அடிச்சா செவுரு டார்ச் ஆகாதுல்ல. ஒட்டுறது அயோடின்தான், எச்சில், வேர்வை, சிறுநீர்ல அதுவே வெளிய வருது. அதனால தட்டு, டம்ளர், துண்டு தனியா வையுங்க, பாத்ரூம்ல ஒண்ணுக்கு ரெண்டு தடவ தண்ணி ஊத்த சொல்லுங்க. இப்படி சிறுநீர்லயும் போயிடறதால உடம்புல 8 நாளுக்கு முன்னாடியே பாதியாயிடும். குழந்தைகளும் கர்ப்பமா இருக்கறவங்களும் எத்தனை நாள் தள்ளி இருக்கணும்ங்கறது குடுத்த அளவ பொறுத்தது, டிஸ்சார்ஜ் சீட்டுல எழுதியிருப்பாங்க, அத அப்படியே கேளுங்க, பக்கத்து வீட்டுக்காரங்க சொல்ற நாள் கணக்க விட்டுடுங்க.

பொண்ணுக்கு ஒரு கணக்கு: 64 மில்லிகிராம் அயோடின்-131, 32 நாள் கழிச்சு எவ்ளோ மிச்சம்? நாலு வீச்சு, 4 மில்லிகிராம். ஃபார்முலா எழுதறதுக்கு முன்னாடி கொட்டைய வச்சே சொல்ல சொல்லுங்க.