கரீபியன் கார்னிவல் ஆடைகளை வடிவமைக்கும்போது பிற பண்பாடுகளிலிருந்து எவ்வளவு எடுத்துக்கொள்ளலாம்?

கேள்வி கேட்டவர் ஆடை வடிவமைப்பு பயிலும் மாணவர். டொராண்டோ கார்னிவலில் பங்கேற்கும் ஒரு குழுவுக்காக மாதிரிகள் வரைய இருப்பதாகவும், பிற மக்களின் சின்னங்களைக் கையாளும்போது எது கற்பனை, எது அவமதிப்பு என்று எப்படித் தெரிந்துகொள்வது என்றும் கேட்டிருக்கிறார். நான் இதே நகரில் வசிக்கிறேன். கரீபியன் தீவான ட்ரினிடாடைப் பூர்வீகமாகக் கொண்ட நண்பர்களின் மாஸ் முகாமில், அதாவது கார்னிவல் ஆடைகள் தயாராகும் பட்டறையில், கோடைக்காலங்களில் மணி கோக்கவும் இறகு ஒட்டவும் உதவி வருகிறேன். அங்கே கேட்டறிந்தவற்றையும் வாசித்தவற்றையும் வைத்தே இதை எழுதுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறரிடமிருந்து எடுப்பது இந்தக் கலையில் குற்றமே அல்ல. எடுத்த உருவம் எங்கிருந்து வந்தது, யாருடைய துயரத்தையோ பெருமையையோ சுமந்து நிற்கிறது என்று தெரிந்துகொள்ளாமல், அதற்கு உரியவர்களின் கண்முன்னே அதை வெறும் அலங்காரமாக அணிவகுக்கச் செய்வதுதான் குற்றம். ஆகவே வடிவமைப்பாளர் முதலில் செய்யவேண்டியது வரைவதல்ல, படிப்பது.

ட்ரினிடாட் கார்னிவலின் தொடக்கமே பிறரைப் போல வேடமிடுவதில்தான் இருக்கிறது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் அங்கே குடியேறிய பிரெஞ்சுத் தோட்ட முதலாளிகள், தவக்காலத்துக்கு முந்தைய நாள்களில் முகமூடி விருந்துகள் நடத்தினார்கள். அவற்றில் அவர்கள் விரும்பிப் போட்ட வேடங்களில் ஒன்று 'நேக் ஜாடேன்', அதாவது கரும்புத் தோட்டத்தில் உழைத்த அடிமை. முகத்தில் கரி பூசிக்கொண்டு, தாங்கள் சாட்டையால் அடித்து வேலை வாங்கிய மனிதர்களைப் போலவே நடித்து மகிழ்ந்தார்கள். 1834இல் அடிமை முறை ஒழிக்கப்பட்டு, அதன் பின்னும் தொடர்ந்த கட்டாய வேலைப் பயிற்சிக் காலம் 1838இல் முடிந்தபோது, விடுதலை பெற்ற மக்கள் தெருவுக்கு வந்து அதே வேடத்தைத் தாங்களே போட்டார்கள். முதலாளியின் மனைவியைக் கேலிசெய்யும் 'டேம் லொரேன்' வேடத்தில் மார்பும் பின்புறமும் பஞ்சுப் பொதியால் பெருக்கப்பட்டன. வெள்ளையர் முகத்தில் கரி பூசி ஆடிய அமெரிக்க மின்ஸ்ட்ரல் வேடத்தைக்கூட ட்ரினிடாடின் கறுப்பினக் கலைஞர்கள் எடுத்து, தங்கள் முகத்தில் வெள்ளை பூசி ஆடினார்கள்.

இதை விரிவாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. தோட்ட முதலாளி போட்டபோது கொடுமையாக இருந்த நேக் ஜாடேன் வேடம், விடுதலை பெற்றவர் போட்டபோது நினைவாகவும் எதிர்ப்பாகவும் மாறியது. துணியும் சாயமும் மாறவில்லை. போட்டவரும் அவர் நின்ற இடமும் மாறின. அதனால்தான் 'இந்தப் பொருளைப் பயன்படுத்தலாம், அந்தப் பொருளைப் பயன்படுத்தக் கூடாது' என்று பட்டியல் போட்டு உங்கள் கேள்விக்கு விடை தர முடியாது. சில ஆண்டுகளுக்கு முன், 19ஆம் நூற்றாண்டு ட்ரினிடாட் ஓவியர் மிஷேல் ஜான் கசபோனைக் கருப்பொருளாகக் கொண்ட ஒரு குழு, தோட்ட மாளிகைச் சீமாட்டியையும் வீட்டுப் பணியாளரையும் நினைவூட்டும் ஆடைகளை அறிமுகப்படுத்தியபோது கடும் எதிர்ப்பு எழுந்தது. வரலாற்றைத்தானே காட்டுகிறார்கள் என்று அதை ஆதரித்தவர்களும் உண்டு. நான் எதிர்த்தவர்கள் பக்கம். அந்த மாளிகையைத் தலைகீழாக்கிக் கேலிசெய்யத் தொடங்கிய ஒரு கலை, அதே மாளிகையின் அழகை ஏக்கத்தோடு காட்டினால் தன் முன்னோருக்கே முதுகைக் காட்டுகிறது.

படிப்பு எப்படிக் கற்பனையாகிறது என்பதற்கு ட்ரினிடாட் கார்னிவல் வடிவமைப்பாளர் ஜார்ஜ் பெய்லியைவிடச் சிறந்த சான்று எனக்குத் தெரியவில்லை. அவருக்கு முன் கார்னிவலில் ஆப்பிரிக்கர் என்றால் பெரும்பாலும் ஈட்டி ஏந்திய 'காட்டுமிராண்டி' வேடம்தான். பேரரசு, பட்டு, கிரீடம் என்றால் ரோமாபுரியும் ஐரோப்பாவும்தான். 1957இல் பெய்லி 'ஆப்பிரிக்காவுக்குத் திரும்புதல்' என்ற பொருள்படும் அணியைக் கொண்டுவந்தார். நூல்களையும் படங்களையும் தேடிப் படித்து, ஆப்பிரிக்க அரசுகளின் உடை, நகை, கேடயம் ஆகியவற்றின் செழுமையை போர்ட் ஆஃப் ஸ்பெயின் தெருக்களில் நிறுத்தினார். கானா விடுதலை பெற்றதும் அதே ஆண்டில்தான். அந்த ஆடைகளை அணிந்தவர்களில் பெரும்பாலோர் அந்தக் கண்டத்தை ஒருமுறைகூடப் பார்த்திராத, ஆனால் அங்கிருந்து கடத்திவரப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள் என்பதை நினைத்தால், அந்த உழைப்பு யாருக்காகச் செய்யப்பட்டது என்பது விளங்கும். பெய்லி தாம் படித்ததை அப்படியே நகலெடுத்துவிடவில்லை. கார்னிவலின் வெயிலுக்கும் ஆட்டத்துக்கும் ஏற்றபடி அளவைக் கூட்டினார், மினுமினுப்பைச் சேர்த்தார். அந்தத் துணிவுக்கு அடித்தளம் தந்தது அவருடைய படிப்பு.

இனி, டொராண்டோவில் வரையப்போகும் உங்களுக்கு மிக அவசியமான பகுதிக்கு வருகிறேன். 'இண்டியன் மாஸ்' என்று ட்ரினிடாடில் சொல்லப்படுவது இந்தியாவைப் பற்றியதன்று. அமெரிக்கக் கண்டங்களின் பூர்வகுடிகளைப் பற்றிய வேடம். அதன் பழைய வடிவத்துக்கு உண்மையான ஒரு வேர் உண்டு. ஒரினோகோ ஆற்றுக் கழிமுகத்தில் வாழும் வராவோ மக்கள், படகுகளில் கடல் கடந்து தென் ட்ரினிடாடுக்கு வணிகம் செய்ய வந்துகொண்டிருந்தார்கள். சான் ஃபெர்னாண்டோவில் உள்ள நாபரிமா குன்று அவர்களுக்குப் புனிதமானது. அவர்களை நேரில் கண்ட ட்ரினிடாட் மக்கள்தான் ரூக்கூ என்னும் செஞ்சாய விதையைப் பூசிய 'சிவப்பு இண்டியன்' வேடத்தை உருவாக்கினார்கள். அந்த வேடத்துக்கென ஒரு மொழி இருக்கிறது. அதில் வராவோச் சொற்கள் கலந்திருப்பதாக ஆய்வாளர்கள் குறிப்பிடுகிறார்கள். கறுப்பு உடையும் கம்பீரமான பேச்சும் கொண்ட 'கறுப்பு இண்டியன்' இன்னொரு வகை; இரண்டு குழுக்கள் எதிர்ப்படும்போது அந்த மொழியில் சவால் விட்டுக்கொள்வார்கள். இவற்றை ஆடுபவர்கள் மூத்தவர்களிடம் ஆண்டுக்கணக்கில் கற்றவர்கள். ட்ரினிடாடின் பூர்வகுடிகளும் மறைந்துபோனவர்கள் அல்லர். அரிமா நகரில் அவர்களுடைய சாண்டா ரோசா சமூகம் இருக்கிறது. அவர்களைச் சிறப்பித்து 2017 அக்டோபர் 13ஆம் நாள் ஒருமுறை தேசிய விடுமுறையும் அளிக்கப்பட்டது.

'ஃபேன்சி இண்டியன்' இவற்றிலிருந்து வேறுபட்டது. வட அமெரிக்கச் சமவெளி மக்களின் இறகுக் கிரீடத்தைப் படங்களிலும் திரைப்படங்களிலும் பார்த்து, அதைப் பல மடங்கு பெரிதாக்கி, சக்கரம் வைத்து இழுக்கும் அளவுக்கு வளர்த்த வேடம் அது. ட்ரினிடாடில் தன் கைச்செலவில், தன் வீட்டு முற்றத்தில், மாதக்கணக்கில் அந்தக் கிரீடத்தைக் கட்டும் முதியவரிடம் போய், நீங்கள் திருடிவிட்டீர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வராது. தானும் ஒடுக்கப்பட்டவனாக இருந்து, ஒடுக்குமுறைக்குப் பணியாத வீரன் ஒருவனின் உருவத்தில் தன்னைக் கண்டுகொண்டவரின் அன்பு அதில் இருக்கிறது. ஆனால் அதே கிரீடம் டொராண்டோ ஏரிக்கரைச் சாலையில் வரும்போது, பார்ப்பவர்கள் நடுவே கனடாவின் பூர்வகுடிகளான அனிஷினாபே, க்ரீ மக்கள் இருக்கிறார்கள். சமவெளி மக்களிடையே போர்க்கிரீடத்தின் ஒவ்வொரு கழுகு இறகும் ஒரு செயலால் ஈட்டப்பட்டது. கடையில் வாங்கி வைத்துக்கொள்வதல்ல. அவர்களுடைய சடங்குகளையே கனடிய அரசு சட்டம் போட்டுத் தடைசெய்திருந்த காலம் நெடுநாள் நீடித்தது. 2015இல் மான்ட்ரியாலின் ஓஷியாகா இசைவிழா, பூர்வகுடிகளின் இறகுக் கிரீடங்களை அணிந்து வரக்கூடாது என்று அறிவித்ததற்கு இந்த வரலாறுதான் பின்னணி.

எனவே, கனடாவில் போர்க்கிரீட வடிவத்தைத் தொடவே தொடாதீர்கள் என்பது என் உறுதியான கருத்து. குறிப்பாக, நீச்சலுடை அளவிலான ஆடை, அதன்மேல் போர்க்கிரீடம், அதை அணியும் பிரிவுக்கு ஒரு பூர்வகுடியின் பெயர் என்ற சேர்க்கையை எந்த விளக்கத்தாலும் நியாயப்படுத்த முடியாது. ஏனென்றால் அந்த மக்களின் பெண்கள் மீது நடந்த வன்முறை இந்நாட்டில் இன்றும் ஆறாத புண். அதே வேளையில், இறகைக் கண்டாலே பயப்பட வேண்டியதும் இல்லை. தீக்கோழி இறகும் சேவல் இறகும் கார்னிவலின் அன்றாடப் பொருள்கள். விசிறியாக, சிறகாக, தீச்சுடராக, பவளப்பாறையாக அவற்றை எப்படி வேண்டுமானாலும் வளருங்கள்.

வழிபாடு தொடர்பானவற்றில் விடை இவ்வளவு எளிதாகக் கிடைப்பதில்லை. ட்ரினிடாட் கார்னிவல் வடிவமைப்பாளர் பீட்டர் மின்ஷால் 1995இல் தம் அணிக்கு 'அல்லேலூயா' என்று பெயரிட்டபோது, அது தெய்வ நிந்தனை என்று சில கிறிஸ்தவப் போதகர்கள் எதிர்த்தார்கள். நான் இதில் மின்ஷால் பக்கம். அவர் தாம் வளர்ந்த சமூகத்தின் சொல்லைத்தான் எடுத்தார்; தெருவில் ஆடுவதும் துதிதான் என்று நம்பி எடுத்தார். ஆனால் இன்னொரு சமூகத்தின் துக்கத்தை எடுப்பது வேறு. ட்ரினிடாடின் செயின்ட் ஜேம்ஸிலும் செட்ரோஸிலும் நடக்கும் ஹோசே, முஹர்ரம் நினைவு ஊர்வலம். 1845 முதல் கல்கத்தாவிலிருந்தும் பின்னர் சென்னையிலிருந்தும் ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றவர்களோடு வளர்ந்த மரபு அது. மூங்கிலாலும் தாளாலும் கட்டப்படும் 'தாஜா' என்ற கோபுரங்கள் கண்ணைப் பறிக்கும் அழகுடையவை. அவற்றைக் கட்டுபவர்கள் விரதமிருந்து கட்டி, முடிவில் கடலில் சேர்க்கிறார்கள். 1884இல் கார்னிவலின் தீப்பந்தங்களையும் மேளத்தையும் ஒடுக்கச் சட்டம் இயற்றிய அதே காலனி அரசு, அதே ஆண்டு அக்டோபரில் சான் ஃபெர்னாண்டோ அருகே ஹோசே ஊர்வலத்தின் மீது துப்பாக்கிச் சூடு நடத்திப் பலரைக் கொன்றது. இரண்டும் ஒரே கையால் அடிபட்ட ஊர்வலங்கள். அந்த உறவு இருப்பதாலேயே தாஜாவைக் கார்னிவல் முதுகுச்சட்டகமாக மாற்றுவதை நான் ஏற்கமாட்டேன். மூங்கில் கட்டும் நுட்பத்தை அந்தக் கைவினைஞர்களிடம் கற்றுக்கொள்ளுங்கள். வடிவத்தை அவர்களிடமே விட்டுவிடுங்கள்.

நம் தெய்வங்களின் உருவங்களைப் பற்றியும் சிலர் கேட்பதுண்டு. வியர்வையும் ரம்மும் தெறிக்கும் கூட்டத்தில், ஆடையின் இடுப்புப் பட்டையில் ஒரு தெய்வத்தின் முகம் வருவதை அந்தத் தீவின் இந்து மக்கள் விரும்பமாட்டார்கள் என்று ஊகிக்கப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை.

கரீபியன் மக்களுடைய ஆடையை வெளியார் எடுப்பதைப் பற்றியும் சில சொற்கள். 2020இல் பாடகி அடேல், ஜமைக்கா கொடி அச்சிட்ட மேலாடையும் ஆப்பிரிக்கச் சிகையலங்காரமும் அணிந்து லண்டனின் நாட்டிங் ஹில் கார்னிவலை வாழ்த்தியபோது, அதைக் கண்டித்தவர்களும் இருந்தார்கள், வரவேற்ற ஜமைக்கர்களும் ஏராளம். கார்னிவல் விருந்தினரை விரட்டும் விழா அன்று. எனக்கு அதைவிட வருத்தம் தருவது, ஆடையை உருவாக்குபவர்களுக்குப் பெயரும் ஊதியமும் கிடைக்காமல் போவதுதான். மணி வைத்த நீச்சலுடை ஆடைகள் பெருகி, அவற்றில் பெரும்பகுதி சீனத் தொழிற்சாலைகளில் தைக்கப்பட்டு வரத் தொடங்கிய பின், கம்பி வளைக்கும் கலைஞர்களின் வேலை சுருங்கிவிட்டது. எலும்புக்கூடு இல்லாமல் ஆடை ஆடாது. அந்த எலும்புக்கூட்டைக் கம்பியாலும் பிரம்பாலும் செய்தவர்கள் அவர்கள். மரியாதை என்று பேசும்போது தொலைவிலுள்ள இனங்களை மட்டும் நினைக்கிறோம். பட்டறை மூலையில் இடுக்கியோடு உட்கார்ந்திருக்கும் முதியவரை மறந்துவிடுகிறோம்.

மின்ஷாலின் பெயரை உலகறியச் செய்த ஆடை அந்த முதியவர்களின் அறிவிலிருந்து பிறந்தது. 1974இல் அவர் ஒரு சிறுமிக்காகச் செய்த 'தேன்சிட்டு நிலத்திலிருந்து' என்ற ஆடையில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்ட இறகுகள் துணித் துண்டுகளால் ஆனவை. பழைய 'வௌவால்' வேடத்தில், ஆடுபவரின் கை அசைந்தால் பிரம்பு வழியாகச் சிறகு முழுவதும் அசையும். அந்தப் பொறியமைப்பைக் கூர்ந்து கவனித்துத்தான் அவர் தேன்சிட்டின் சிறகை உருவாக்கினார். அவர் யாருடைய புனிதச் சின்னத்தையும் எடுக்கவில்லை. தம் ஊர்த் தெருவில் ஆண்டுதோறும் பறந்துகொண்டிருந்த வௌவாலை மதித்துப் படித்தார், அதிலிருந்து அதுவரை யாரும் காணாத ஒன்று வந்தது.

ஆகவே வரைவதற்கு முன், உங்கள் குழுவில் வௌவால், மிட்நைட் ராபர் என்னும் நள்ளிரவுக் கொள்ளையன், மோகோ ஜம்பி என்னும் மரக்கால் வேடம் ஆகியவற்றில் ஒன்றையாவது ஆடிய மூத்தவர் இருக்கிறாரா என்று கேளுங்கள். அந்த உருவம் எப்படி நடக்கும், எதைப் பேசும் என்று அவரிடம் காட்டச் சொல்லுங்கள். ட்ரினிடாடின் 1997ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் மாஸ் படைப்புகளைத் தனி வகையாகவே பாதுகாக்கிறது என்பதையும் நினைவில் வையுங்கள். பழைய அணிகளின் படங்களைப் பார்த்து வரையும்போது அசல் வடிவமைப்பாளர் யார் என்று குறித்துக்கொண்டு, குழுவின் வெளியீட்டில் அவர் பெயரையும் கம்பி வளைத்தவர் பெயரையும் உங்கள் பெயருக்குப் பக்கத்திலேயே அச்சிடச் சொல்லுங்கள்.